வெள்ளிக்கிழமையிலிருந்து ஐந்தாம் நாள்

போன மாதம் ஷாலினி ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி ஆறு மாதம் என்னிடம் வேலை பழகியவள்; நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சியில் திரையில் ஓடிய ஒரு பக்கத்தை போனில் பிடித்து அனுப்பிவிட்டு, “மேடம், இது உங்க காலத்துல நடந்ததா?” என்று கேட்டிருந்தாள்.

படத்தில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: ‘எழுத்தாளர் கையில் கோடு கொடுத்தால் என்ன ஆகும்? பாபநாசம் தரும் பாடம்.’ கோடு என்றால் கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளை. அதற்குக் கீழே, ‘பயிற்சி இல்லாத ஒரு எழுத்தாளர் தவறாக எழுதிய ஒரே வரியால் விவசாயிகளுக்குத் தவறான தேதி சென்றது.’

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு போனைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். அத்தனையும் பொய். பயிற்சி இல்லை என்பது பொய், ஏனென்றால் பயிற்சி கொடுத்தவளே நான். தவறாக எழுதினார் என்பது அதைவிடப் பெரிய பொய். அந்த ‘ஒரு எழுத்தாளர்’ பெயர் ஆரோக்கியமேரி. பெயரைப் போடாமல் விட்டதை என்னவோ பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பாபநாசம் பக்கம் எங்களுக்கு வேலை பார்த்தது ஒரே ஒருத்திதான். ஊர் பெயரைப் போட்ட பிறகு ஆள் பெயரை மறைத்து என்ன புண்ணியம்?

நான் வேலை பார்த்தது டெல்டா விவசாயிகளுக்குத் தகவல் சொல்லும் ஓர் இணையதளத்தில். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். தஞ்சாவூரில் அலுவலகம்; மென்பொருள் எழுதுகிறவர்கள் சென்னையில். எந்த வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர், எங்கே விதை வந்திருக்கிறது, எந்த ஊரில் பூச்சி என்று தினமும் போடுவோம். இதைப் போய்க் கேட்டு எழுதுகிறவர்களை எங்கள் அலுவலகத்தில் ‘எழுத்தாளர்’ என்போம். கதை எழுதுகிறவர்கள் இல்லை. ஸ்கூட்டியில் மதகு மதகாகப் போய், மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் விசாரித்து, அங்கேயே புளியமரத்து நிழலில் நின்று போனில் அடித்து ஏற்றுகிறவர்கள். மொத்தம் ஏழு பேர்.

நான் எப்படி அங்கே போனேன் என்பது சின்னக் கதை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், கீழவாசலில் ஒரு டிடிபி கடையில் பதினோரு வருடம் கல்யாணப் பத்திரிகை, பிறகு இந்தத் தளம். ஆனால் பத்திரிகை அடித்த அனுபவம்தான் எனக்குப் பெரிய படிப்பு. எங்களிடம் ஒரே மாதிரிப் படிவம்தான் இருக்கும். பெயரை மட்டும் மாற்றி அடுத்த கல்யாணத்துக்கு அடிப்போம். ஒருமுறை அட்டையில் மாப்பிள்ளை பெயரை மாற்றிவிட்டு உள்ளே மாற்ற மறந்துவிட்டேன். பெண் வீட்டார் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரே பெயர் மூன்று இடத்தில் வந்தால், மூன்று இடத்திலும் கையால் மாற்றுகிறவன் என்றாவது ஒரு நாள் கோட்டை விடுவான். இது யாருடைய புத்தியையும் பற்றிய விஷயம் இல்லை. கை அப்படித்தான்.

தளத்திலும் அதே தொல்லை இருந்தது. தண்ணீர் வரும் தேதி ஒன்றுதான். ஆனால் அது தளத்தில் அந்த வாய்க்காலுக்கான பக்கத்தில் வரும், எஸ்எம்எஸ்ஸில் வரும், போனில் பேசும் குரல் அறிவிப்பிலும் வரும். எழுத்தாளர் ஓரிடத்தில் மாற்றிவிட்டு இன்னோர் இடத்தை மறந்துவிடுவார். சென்னைக்கு எழுதிப் போட்டால் அவர்கள் மாற்றித்தர இரண்டு நாள். அதற்குள் தண்ணீர் வந்து வடிந்தே போய்விடும்.

அதனால்தான் எழுத்தாளர்களுக்கே டெம்ப்ளேட் கோடு எழுதும் உரிமை கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. செய்தியின் நடுவே இரட்டை வளைவு அடைப்புக்குறி போட்டு, அதற்குள் ‘நாள் 5’ என்று எழுதினால், இயந்திரம் அந்தத் தேதியைக் கிழமையோடு மூன்று இடத்திலும் தானே நிரப்பிக்கொள்ளும். எழுத்தாளர்கள் அந்த அடைப்புக்குறிக்குக் ‘கொக்கி’ என்று பெயர் வைத்தார்கள். “அக்கா, கொக்கி போட்டுட்டேன், பாருங்க” என்று போன் வரும்.

மேலாளர் சபேசன் சாரிடம் இதற்கு அனுமதி வாங்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பேச்சில் ‘நான்’ என்ற சொல்லே வராது. “பரிசீலிக்கப்படும்”, “கவனத்தில் கொள்ளப்பட்டது”, “தவறு நிகழ்ந்துள்ளது” என்றுதான் வாய் திறப்பார். கேண்டீனில் பார்த்தால், “டீ குடிக்கப்பட்டதா வனஜாம்மா?” என்பார், விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே. மேசையில் காகிதங்களின் மூலைகளை விரலால் தட்டித் தட்டி நேராக்கிக்கொண்டே நாம் சொல்வதையெல்லாம் கேட்பார். முடிவு எடுத்துவிட்டால் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடுவார். அந்த ‘டப்’ சத்தம் கேட்டுவிட்டால் பிறகு சாமியே வந்து சொன்னாலும் எடுபடாது.

“கோடுங்கிறது கோடு வனஜாம்மா. எழுத்தாளர்கள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது” என்றார் முதல் தடவை. ஏதோ பெரிய சிலேடை சொல்லிவிட்ட மாதிரி ஒரு புன்னகை வேறு. இவருடைய வாதம் எல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அவர்களுக்குத் தெரியாது, கெடுத்துவிடுவார்கள். ஏழு பேரில் நான்கு பேர் பட்டதாரிகள். மீதி மூன்று பேருக்கு எந்த வாய்க்காலில் எந்த மதகுக்கு எத்தனை பலகை என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் கோடு எழுதலாமாம், இவர்கள் எழுதக் கூடாதாம்.

நானும் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்துவிடவில்லை. கொக்கிக்குள் மூன்றே மூன்று சொற்களுக்குத்தான் அனுமதி: நாள், ஊர், வாய்க்கால். வேறு எதை எழுதினாலும் இயந்திரம் ஏற்காது. எழுதியதும் மூன்று இடத்திலும் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும். அதைப் பார்த்து ‘சரி’ என்று அழுத்தினால்தான் போகும். ஒரு கொக்கி குறைந்தால் பக்கமே வெள்ளையாகிவிடும் கோளாறு முதலில் இருந்தது. அதையும் சண்டை போட்டுச் சரிசெய்ய வைத்தேன். ஏழு பேரையும் இரண்டு நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

அந்தப் பயிற்சியில்தான் ஆரோக்கியமேரி ஒரு கேள்வி கேட்டாள். “அக்கா, லஸ்கர் ‘அஞ்சாம் நாள் தண்ணி’ம்பாரு. வெள்ளிக்கிழமை சொன்னார்னா செவ்வாக்கிழமை. அந்த அஞ்சுதானே இந்த அஞ்சும்?”

ஏழு பேரில் அவளுக்கு மட்டும்தான் தோன்றியது. நம் ஊரில் நாள் எண்ணும்போது இன்றையும் சேர்த்துத்தானே எண்ணுகிறோம்? பதினாறாம் நாள் காரியம் என்றால் இறந்த நாள்தானே முதல் நாள்? நான் அன்றைக்கே சென்னைக்கு எழுதினேன்: ‘நாள் 1 என்றால் எழுதுகிற நாள். இதை மாற்றவே கூடாது.’ அவர்களும் அப்படியே செய்து கொடுத்தார்கள். விதிகளை ஒரு தாளில் அடித்து ஏழு பேருக்கும் கொடுத்தேன். அதில் முதல் வரியே இதுதான்.

ஒன்றரை வருடம் ஒரு தப்பு நடக்கவில்லை. மூன்று இடத்திலும் ஒரே தேதி. திருப்பனந்தாள் பக்கம் வேலை பார்த்தவர், “இப்பத்தாங்க நிம்மதியா சாப்பிடுறேன்” என்றார். இதைப் பற்றி அந்தப் பயிற்சிப் படத்தில் ஒரு வார்த்தை உண்டா?

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் குறைவு. முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஒரு வாய்க்காலுக்கு ஒரே ஒரு நாள், பிறகு மதகை மூடி அடுத்த வாய்க்காலுக்கு. தவறவிட்டால் அடுத்த முறை பத்து நாள் கழித்து. சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருந்த நேரம். ஒரு வெள்ளிக்கிழமை லஸ்கர் மேரியிடம், “அஞ்சாம் நாள் ஒங்க வாய்க்காலுக்கு” என்றார். அவள் கொக்கி போட்டு ‘நாள் 5’ என்று எழுதினாள். திரையில் செவ்வாய்க்கிழமை என்று வந்தது. பார்த்தாள், ‘சரி’ அழுத்தினாள், தன் நோட்டிலும் செவ்வாய் என்று குறித்துக்கொண்டாள். வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் வாயாலும் சொல்லிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை சென்னையில் ஒருவர் மென்பொருளைப் புதுப்பித்தார். போகிற போக்கில் நாள் கணக்கைப் பார்த்திருக்கிறார். வெள்ளியோடு ஐந்தைக் கூட்டினால் புதன்தானே, இது செவ்வாய் காட்டுகிறதே, பிழை என்று நினைத்துத் ‘திருத்தி’விட்டார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏற்கெனவே எழுதி, அனுப்பும் வரிசையில் காத்திருந்த அறிவிப்பும் புதிய கணக்குக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமை எஸ்எம்எஸ்ஸும் குரல் அறிவிப்பும் ‘புதன்கிழமை தண்ணீர்’ என்று போயின. எழுத்தாளர்களின் எண்கள் அந்த அனுப்பும் பட்டியலில் இல்லை. அதுவும் எங்கள் அலுவலகத்துப் புத்திசாலித்தனம்தான். அதனால் மேரிக்குத் தெரிய வழியே இல்லை.

செவ்வாய் விடியற்காலை தண்ணீர் வந்தது. மேரி வாயால் சொல்லிக் கேட்டவர்கள் மண்வெட்டியோடு நின்று மடை திறந்து பாய்ச்சிக்கொண்டார்கள். எங்கள் இயந்திரம் சொல்லிக் கேட்டவர்களின் வயல் மடைகள் அடைத்தபடியே கிடந்தன. தண்ணீர் அவர்களைத் தாண்டி வடிகாலுக்குப் போனது. புதன் விடிந்தபோது மதகு மூடியாகிவிட்டது.

கடைமடையில் தங்கராசு என்று ஒரு குத்தகை விவசாயி. போர்வெல் கிடையாது, வாய்க்கால் தண்ணீரை மட்டும் நம்பியவர். தண்ணீர் புதன்கிழமைதானே என்று திங்கட்கிழமை திருவாரூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் காய்ந்த வாய்க்கால். பத்து நாளில் அவருடைய நாற்றங்கால் பழுத்து வெடித்துப்போனது. வேறு நாற்று தேடி நடுவதற்குள் மூன்று வாரம் தள்ளிப்போய், கதிர் முற்றும் நேரத்தில் மழையில் சாய்ந்தது.

நாற்று காய்ந்த வாரமே அவர் அலுவலகத்துக்கு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. மேரியையும் வரச் சொல்லியிருந்தார்கள்; அவள் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். அவளைப் பார்த்து, “நீ எழுதுனா சரியாத்தாம்மா இருக்கும்னு நம்பிட்டேன்” என்று மட்டும் சொன்னார். அவள் அழுதுவிட்டாள். மேலாளர் அவரிடம், “ஆவன செய்யப்படும்” என்று சொல்லி அனுப்பி வைத்தார்.

அதன் பிறகு விசாரணை என்று ஒன்று நடந்தது. மேலாளர் அறையில் நாங்கள் மூன்று பேர். மேசையில் ஏற்கெனவே அடித்து வைத்த ஒரு கடிதம். ‘போதிய பயிற்சியின்றிக் கோடு பயன்படுத்தியதால் என்னால் தவறு நேர்ந்தது’ என்று அதில் மேரி கையெழுத்துப் போட வேண்டும்.

மேரி நோட்டை எடுத்துக் காட்டினாள். “சார், நான் எழுதுனப்ப செவ்வாய்ன்னு காட்டுச்சு சார். கண்ணால பாத்தேன்.”

“அஞ்சுன்னு உள்ளீடு செய்யப்பட்டிருக்கு. வெள்ளிக்கு அப்புறம் அஞ்சு நாள், புதன். உள்ளீடே தவறு. நாலுன்னு எழுதப்பட்டிருக்கணும்.”

“அஞ்சு நாள் கழிச்சுன்னு நான் எழுதல சார், அஞ்சாம் நாள்னு எழுதுனேன். வெள்ளிக்கிழமை சிலுவை, ஞாயித்துக்கிழமை உயிர்ப்பு. மூணாம் நாள்னுதானே கோயில்ல சொல்றோம்? உங்க சென்னைக் கணக்குப்படி பாத்தா திங்கட்கிழமைல்ல வருது?”

இதைவிடத் தெளிவாக எவனாலும் சொல்ல முடியாது. மேலாளர் காகித மூலையைத் தட்டிக்கொண்டே, “மத விஷயங்கள் இங்க தவிர்க்கப்படணும்” என்றார். அட, அவள் மதமா பேசினாள்? எண்ணிக் காட்டினாள்!

நான் அதற்கு முன்பே தளத்தின் பதிவுகளைத் தோண்டி எடுத்திருந்தேன். சனிக்கிழமை செய்த மாற்றம் நேரத்தோடு அதில் இருந்தது. மேரியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அதை மேலாளர் முன் வைத்தேன். “சார், அவ எழுதினது ஒரு எழுத்துகூட மாறல. நாமதான் அர்த்தத்தை மாத்திட்டோம். இதுல அவ கையெழுத்துப் போடறதுக்கு என்ன இருக்கு?”

அவர் கணினித் திரையை மெதுவாக என் பக்கம் திருப்பினார். சனிக்கிழமை மதியம் சென்னையிலிருந்து எனக்கும் அவருக்கும் வந்த மெயில் அதில் இருந்தது. பதினான்கு மாற்றங்களின் பட்டியல். ஒன்பதாவது வரி: ‘நாள் கணக்கில் இருந்த பிழை சரிசெய்யப்பட்டது.’ அதற்குக் கீழே என் பதில்: ‘ஓகே, நன்றி.’

அன்று ஒரு கல்யாணத்தில் இருந்தேன். பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். பட்டியலைப் படிக்காமலே ஓகே என்று தட்டிவிட்டேன். ‘மாற்றவே கூடாது’ என்று எழுதியவளே நான், மாற்றியதற்கு நன்றி சொன்னவளும் நான்.

“மென்பொருள்ல பிழைன்னு எழுதப்பட்டா, இது யாரால ஏற்றுக்கொள்ளப்பட்டதுங்கிற கேள்வி எழுப்பப்படும் வனஜாம்மா. உங்களுக்கு ரிட்டயர்மென்டுக்கு இன்னும் பதினாலு மாசம். யோசிக்கப்படணும்” என்றார். கண்ணாடியைக் கழற்றினார். கூட்டில் வைத்து மூடினார்.

நான் பதிவுத்தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மேரி அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. வேலையை விட்டுவிட்டாள். படி இறங்கும்போது என்னை நிறுத்தி, “அக்கா, நான் எழுதுனது சரியா தப்பா? சரின்னா ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. வேலைக்காக இல்ல. ஊர்ல எங்கப்பா டீக்கடைக்குப் போக முடியல. ஒன் மவ சொன்ன தேதி என்னாச்சுன்னு கேக்குறாங்களாம். அவர்ட்ட படிச்சுக் காட்டணும்” என்றாள்.

“பாக்கலாம் மேரி” என்றேன். மேலாளரைக் கிண்டல் செய்கிறேனே, நான் சொன்னது மட்டும் என்னவாம்?

மறு வாரமே எழுத்தாளர்கள் எல்லாருடைய உரிமையையும் பிடுங்கிவிட்டார்கள். மறுபடியும் சென்னைக்கு மெயில், இரண்டு நாள் காத்திருப்பு. இதைத்தான் பாதுகாப்பு என்று இன்று பாடம் நடத்துகிறார்கள். இப்போது சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எழுதுகிறவர் கையில் கோடு கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். வயலில் நிற்கிறவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரு சொல்லைக் கொடுத்து இதற்கு இதுதான் அர்த்தம் என்று சொல்லிவிட்டால், அதை அவர் முதுகுக்குப் பின்னால் மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வேறு சொல் வையுங்கள், பழையதைத் தொடாதீர்கள். அங்கே கோட்டைத் தாண்டியது எழுத்தாளர் இல்லை. நாங்கள்.

ஷாலினி அனுப்பிய படத்தைப் பார்த்த அன்றே மேரிக்குப் போன் செய்தேன். இப்போது ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறாள். அந்த ஒரு வரியை எழுதித் தருகிறேன், பதிவுத்தாளும் என்னிடம் இருக்கிறது என்றேன்.

“அப்பா தவறிட்டாருக்கா. ரெண்டு வருஷம் ஆச்சு” என்றாள். “இப்ப நான் யார்ட்ட படிச்சுக் காட்டறது? தங்கராசு சித்தப்பா இருக்காரு. அவர்ட்ட போய் நீங்களே சொல்லுங்க. எழுதியெல்லாம் வேணாம். நேர்ல சொல்லுங்க.”

போனேன். பாபநாசத்தில் பஸ் இறங்கி, ஆட்டோ பிடித்து, களத்துமேட்டில் அவரைக் கண்டுபிடித்தேன். வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே தாளை விரித்து வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முழுதும் கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மேரி மேல தப்பு இல்லேன்னு, ஆபீசுக்கு வந்துட்டுப் போன வாரமே எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. அது வாயால சொல்லிக் கேட்டவன் அத்தன பேரும் பாய்ச்சிட்டானே, அப்பறம் அது எப்புடித் தப்பா எழுதிருக்கும்? இதச் சொல்லவா இம்புட்டு தூரம் வந்தீங்க?”

நான் தாளை மடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஆபீசுக்கு வந்த அன்னிக்கு, அந்தப் புள்ள அழுவுறப்ப, பக்கத்துல ஒரு அம்மா நின்னாங்க. ஒண்ணுமே பேசல. அது நீங்கதானே?”

“ஆமாங்க, நான்தான்” என்றேன்.